சாரல் காலத்தில் எங்கே சாப்பிடலாம்?

ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களின் போனுக்கு ஓய்வே இருக்காது. சென்னை, கோவை, பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விகள். "தண்ணி விழுதா?" என்பது முதலாவது. "எங்க சாப்பிடலாம்?" என்பது அடுத்தது. முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள், எந்த அருவியில் குளித்துவிட்டு வருவீர்கள், அன்றைக்கு என்ன கிழமை என்று திருப்பிக் கேட்பேன்.

கடையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் நல்ல சாப்பாடு நிச்சயம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு, ஓர் இடம் உண்டு. காலையில் பூப்போல இட்லி போடும் கடையில் ராத்திரி பத்து மணிக்குப் போய் நூடுல்ஸ் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, "உங்க ஊர்ல சாப்பாடே சரியில்லையே" என்று சொல்லிப் போனவர்கள் உண்டு. அதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தென்காசி ஒரு வாழும் ஊர். 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகராகவும் ஆகிவிட்டது. கோர்ட்டுக்கு வருகிறவர்கள், ஜவுளி எடுக்க வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் என்று வருஷம் முழுவதும் இங்கே கடையில் சாப்பிட ஆள் இருக்கிறது. குற்றாலம் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் அதன் கணக்கே வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் நெரியும், பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்கள், கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். நாளைக்கும் அதே வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க வேண்டிய கடைக்காரர் ஒரு மாதிரி சமைப்பார். மூன்று மாதத்தில் வருஷ வாடகையை எடுத்தாக வேண்டியவர் வேறு மாதிரிதான் சமைக்க முடியும். அந்த வித்தியாசம் சாம்பாரில் தெரிந்துவிடும்.

இதில் சீசன் கடைக்காரர்களைப் பழிக்கக் கூடாது. அவர்கள் பாடு பெரும்பாடு. மலையில் மழை பலமாகி அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வந்த கூட்டம் வந்த வழியே திரும்பும், வடித்த சோறு அப்படியே கிடக்கும். மறுநாள் தடை நீங்கி அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்துவிட்டால் பந்திக்கு மேல் பந்தி நிற்கும். எவ்வளவு அரிசி போடுவது என்று யாராலும் கணிக்க முடியாத தொழில் அது. அப்படிப்பட்ட நாளில் குழம்பு நீர்த்துப்போவதும், காலையில் தாளித்த பொரியல் மூன்று மணி வரைக்கும் வருவதும் நடக்கத்தான் செய்யும்.

அதனால் அருவிக்கரையில் நான் முழுச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. கண்முன்னே சட்டியிலிருந்து எடுத்ததை மட்டும் வாங்குவேன். சாரல் முகத்தில் அடிக்க, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் எடுத்த மிளகாய் பஜ்ஜியைக் கையில் வாங்கித் தின்னும் சுகத்தை எந்தப் பெரிய ஓட்டலும் தர முடியாது. கூடவே ஒரு சுக்குக் காபி. வாங்குவதற்கு முன் எண்ணெயை ஒரு பார்வை பாருங்கள். நல்ல எண்ணெயில் மாவு விழுந்ததும் சுற்றிலும் குமிழி எழும்பி, பண்டம் வேக வேக அடங்கும். பழைய எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, ஓரமெல்லாம் நுரை கட்டி, அடங்காமல் புகைந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட சட்டியைப் பார்த்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். ஐந்தருவிப் பக்கமும் பழைய குற்றாலத்திலும் இதே கதைதான். குழந்தைகளுக்குக் குடிக்க வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டீக்கடையில் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள்.

பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து காலையில் வந்து இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: ஸ்டேஷனில் இறங்கியதும் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு நேராக அருவிக்குப் போங்கள். நிதானமாகக் குளித்துவிட்டு வாருங்கள். அருவியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு எடுக்கும் பசி, வீட்டுக் குளியலறையில் குளித்தவனுக்கு எடுக்காது. அந்தப் பசியைப் பேரருவிக் கடைத்தெருவிலேயே செலவழித்துவிடாமல் தென்காசி வரைக்கும் கொண்டுவர வேண்டும். காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பஸ் நிலையத்தை ஒட்டியும் இருக்கும் சிறிய சைவக் கடைகள் ஒன்பது மணி வாக்கில் முழு வீச்சில் இருக்கும். கூட்டம் இருப்பதால் இட்லி ஈடு ஈடாக இறங்கிக்கொண்டே இருக்கும், ஆறிப்போன இட்லி உங்கள் இலைக்கு வர வழியே இல்லை.

புதுக்கடை என்றால் இட்லியையும் தேங்காய்ச் சட்னியையும் மட்டும் முதலில் கேட்பேன். தென்னை சூழ்ந்த ஊர் இது. இங்கே ஒரு கடையின் சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை தூக்கலாக இருந்தால், அந்தக் கடையில் மேற்கொண்டு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். சட்னி நன்றாக இருந்தால் அடுத்து ரசவடை சொல்லலாம். வடை ரசத்தில் ஊறி மெத்தென்றிருக்க வேண்டும், ஆனால் கரண்டி பட்டதும் கரைந்துவிடக் கூடாது. ஊறவைக்கும் நேரத்தைக் கையால் அறிந்தவர் சமையற்கட்டில் இருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

இன்னும் கொஞ்சம் மேற்கே செங்கோட்டைக்குப் போனால் காலை உணவின் மணமே மாறும். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு, அன்றைய மதராஸ் மாநிலத்தோடு, சேர்ந்தது. அதற்கு முன் நெடுங்காலம் திருவிதாங்கூர். அந்தப் பழக்கம் நாக்கை விட்டுப் போகவில்லை. புட்டும் கடலைக்கறியும், ஆப்பமும், தேங்காயெண்ணெய் மணக்கும் கறிகளும் அங்கே விருந்தாளிக்காகச் செய்பவை அல்ல, அன்றாடச் சாப்பாடு. ஒருநாள் காலையையாவது செங்கோட்டைக்கென்று ஒதுக்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். தென்காசியில் தினசரி ஆட்கள் சாப்பிடும் மெஸ்களில் பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. அப்போது ரசம் தெளிவாக இருக்கும், அப்பளம் நொறுங்கும். இரண்டரைக்கு மேல் போய்விட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் மீனோ கறியோ இலையில் விழுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை, அருவிக்குப் போகும் சாலையில் ஒரு கடையில், என்னோடு வந்த வெளியூர்க்காரர்களின் இலையில் கேட்காமலேயே மீன் துண்டுகளை வைத்துக்கொண்டே போனார்கள். சாப்பாட்டோடு சேர்த்தி என்று நினைத்து அவர்களும் சாப்பிட்டார்கள். பில் வந்தபோது சாப்பாட்டு விலையைவிட மீன் விலை பல மடங்கு. விலை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல கடைக்காரர் அதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்வதே இல்லை.

இந்த ஊர்க் கடைகளைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு சிங்கப்பூரில் கிடைத்தது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். அங்கே வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒரு காலை வேளையில் சைனா டவுனில் டிம் சம் கடைக்கு என்னை அழைத்துப் போனார். ஹாங்காங், குவாங்டாங் பக்கத்துச் சீனர்களின் பழக்கம் அது. காலையிலிருந்து மதியம் வரை, தேநீரோடு, சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்த பண்டங்களை நாலைந்து பேர் பகிர்ந்து சாப்பிடுவார்கள். மெனு அட்டையில் நிறையப் பெயர்கள் இருந்தன. மைத்துனர் அதைப் புரட்டவேயில்லை. "அத்தான், மொதல்ல ஹார் காவ் மட்டும் சொல்லுவோம். அது சரியா இருந்தா மத்ததச் சொல்லலாம்" என்றார். ஹார் காவ் என்பது இறால் வைத்த கொழுக்கட்டை. மேல்மாவு கண்ணாடியாக மெலிந்திருக்க வேண்டும், உள்ளேயிருக்கும் இறாலின் நிறம் வெளியே தெரிய வேண்டும், குச்சியால் எடுக்கும்போது கிழியக் கூடாது. சமையற்காரரின் கை எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு பண்டத்திலேயே தெரிந்துகொள்வார்களாம். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் எது எதில் அது இருக்கிறது என்று உட்கார்ந்த உடனே கேட்டுவிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

பெரிய நகரமோ சின்ன ஊரோ, தெரியாத கடையில் இப்படித்தான் நுழைய வேண்டும் என்று அன்றைக்குப் பட்டது. அந்தக் கடை எதில் பேர் வாங்கியதோ அதில் மிக எளியதை, அதற்குரிய வேளையில், கொஞ்சமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காலையில் அந்த இடத்தில் இருப்பது இட்லி. இரவில் பரோட்டா.

பரோட்டா என்றதும் பிரானூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில், செங்கோட்டைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எல்லாரும் சொல்வது பார்டர் என்றுதான். இன்றைய கேரள எல்லை புளியரையைத் தாண்டி மலைமேல் இருக்கும்போது இங்கே ஏது பார்டர் என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து எல்லை இது. மாநிலங்கள் மாறி எல்லை நகர்ந்துபோனது, பெயர் மட்டும் நகராமல் தங்கிவிட்டது. மலையிலிருந்து வரும் மரங்களை அறுக்கும் மில்கள் இங்கே நிறைய. மர வியாபாரிகள், லோடு ஏற்றுகிறவர்கள், கணவாயைக் கடந்து கேரளத்துக்குப் போகிற வருகிற லாரி டிரைவர்கள் என்று ராத்திரியில் கடும்பசியோடு வந்து உட்காருகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். உடம்பு உழைப்புக்காரர்களின் பசிக்கு ஈடுகொடுத்த சாப்பாடு என்பதால்தான் இந்த இடத்துப் பரோட்டாவுக்கும் கோழிக்கும் இவ்வளவு திடம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ரஹ்மத் கடை தமிழ்நாடு முழுக்கப் பேர்போனது. இன்று சென்னையிலும் மற்ற நகரங்களிலும் 'பார்டர்' என்று பலகை தொங்கும் கடைகள் எத்தனையோ. பலகையைப் பார்த்து அந்தச் சுவையை எதிர்பார்க்காதீர்கள், இந்தச் சாலைக்கு வந்து சாப்பிடுங்கள். சனி, ஞாயிறு இரவுகளில் சாப்பிடுகிறவருக்குப் பின்னால் அடுத்தவர் இலைக்காக நிற்பார். பின்னால் ஆள் நிற்கும்போது எந்தச் சாப்பாடும் ருசிக்காது. செவ்வாய், புதனில் வர முடிந்தால் வாருங்கள். முடியாதவர்கள் இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுங்கள், கல் சூடேறி முதல் சில ஈடுகள் இறங்கும் அந்த நேரம் எனக்கு மிகப் பிடித்தது. அதே சாலையில் வேறு பரோட்டாக் கடைகளும் இருக்கின்றன. ஒரு கடையில் இடம் இல்லையென்றால் கோபித்துக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. கல்லடியில் நின்று மாஸ்டரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும். பிசைந்த மாவு எண்ணெயில் நன்றாக ஊறியிருந்தால் வீசும்போது கிழியாமல் மெல்லிய துணியாக விரியும். வெந்த பரோட்டாக்களை அடுக்கி, சூட்டோடு இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டும்போது அடுக்கு அடுக்காகப் பிரிய வேண்டும். முன்கூட்டியே போட்டுக் குவித்து, ஆள் வரும்போது கல்லில் காட்டித் தரும் கடையில் இந்தத் தட்டல் சத்தம் கேட்காது.

உட்கார்ந்ததும் தட்டு நிறையக் காடையும் கோழியுமாக எடுத்துக்கொண்டு தம்பிமார் வருவார்கள்.

"அண்ணாச்சி, காடை சூடா இருக்கு. வைக்கட்டுமா?"

"மொதல்ல ரெண்டு பரோட்டா போட்டு சால்னா ஊத்துப்பா. காடை என்ன வெல?"

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். வெறும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மட்டும் ஊற்றி முதலில் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சால்னாவில் தண்ணீர் தனியாகவும் மசாலா தனியாகவும் நிற்காமல் பரோட்டாவுக்குள் இறங்கினால், அதற்குப் பிறகு நாட்டுக்கோழியையோ காடையையோ தைரியமாகச் சொல்லலாம். நாலு பேர் போனால் ஆளுக்கு ஒன்று என்று சொல்லாமல் வகைக்கு ஒன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். முறுகலாக எண்ணெயில் பொரித்த பரோட்டா வேண்டும் என்றால் அது விருதுநகர்ப் பழக்கம், மதுரை வழியாகத் திரும்பும்போது அங்கே சாப்பிடலாம். பிரானூரில் வந்து அதைத் தேடக் கூடாது. காரில் வருகிறவர்களுக்கு இன்னொன்று: மட்டன் பிரியாணிப் பிரியர்கள் சங்கரன்கோவிலில் மதியத்தை வைத்துக்கொண்டால் சுல்தான் பிரியாணி சாப்பிடலாம். அதுவும் மதியப் பண்டம்தான். இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இணையத்தில் போடும் நட்சத்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் அவற்றைப் பார்ப்பதுண்டு, ஆனால் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். ஜூலை ஞாயிற்றுக்கிழமையில் நனைந்த துணியோடு ஒரு மணி நேரம் காத்திருந்தவர் போட்ட ஒரு நட்சத்திரமும், பிப்ரவரியில் நிம்மதியாகச் சாப்பிட்டவர் போட்ட ஐந்தும் ஒரே கடையைப் பற்றியவை என்றே சொல்ல முடியாது. எந்தப் பண்டத்தைச் சாப்பிட்டேன் என்று எழுதியவரை நம்பலாம். சும்மா 'சூப்பர்' என்று போட்டவரை விட்டுவிடலாம். நீங்கள் தங்கும் விடுதியில் வரவேற்பில் இருப்பவரிடம் கேட்பதைவிட, அங்கே அறை துடைக்கும் அக்காவிடமும் ஆட்டோ ஓட்டும் அண்ணனிடமும் கேளுங்கள். "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காமல் "நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்களுக்குச் சைவச் சாப்பாடுதான் சிறப்பு. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் சாமிமார் கூட்டத்துக்காகச் சைவ அடுப்புகள் இரவு பகலாக எரியும். அப்போது விடிகாலையில் கிடைக்கும் பொங்கலை நான் சீசன் காலத்தில் சாப்பிட்டதே இல்லை.

கடைத்தெருவில் வாங்கித் தின்ன வேண்டியது பழங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்ட மண் குற்றாலம். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா, மலைவாழை எல்லாம் குவிந்திருக்கும். மங்குஸ்தான் வாங்கும்போது விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் இளகிக் கொடுத்தால் நல்ல பழம், கல்லாக இறுகியிருந்தால் உள்ளே கெட்டிருக்கும். அடிப்பக்கத்தில் பூ மாதிரி ஒரு குறி இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமான பழத்தில் சுளைகள் சின்னதாக, கொட்டையும் சிறுத்து இருக்கும். குழந்தைகளிடம் எண்ணச் சொல்லிவிட்டு உடைத்துக் காட்டுங்கள். ஏத்தங்காய் சிப்ஸ் வாங்குகிறவர்கள் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதை விட்டுவிட்டு, சட்டியிலிருந்து எடுத்து ஆறிக்கொண்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த மண்ணின் மிகச் சிறந்த சாப்பாட்டில் பாதி கடைகளில் கிடைக்காது. தோலுளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டு வடித்த உளுந்தஞ்சோறு, அதற்கு எள்ளுத்துவையல். பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப் பாலில் வெந்து, இஞ்சிச் சாறு மணக்க, இறக்கியபின் புளியங்குடி எலுமிச்சை பிழிந்த சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது நெல்லைச் சீமையின் வழக்கம். சில ஓட்டல்களில் குறிப்பிட்ட கிழமையில் சொதி போடுகிறார்கள், ஆனால் தேங்காய்ப் பாலை முதல் பால், இரண்டாம் பால் என்று பிரித்து எடுத்து, முதல் பாலைக் கொதிக்கவிடாமல் காக்கும் பொறுமை வீட்டு அடுப்புக்குத்தான் உண்டு. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். கவிதைக்காக வந்தவர்கள் அந்த வீட்டின் விருந்தோம்பலையும் மறக்கவில்லை. 1954இல் அவர் மறைந்தார். ஆனால் விருந்தாளிக்கு இலை போட்டுப் பக்கத்தில் நின்று பரிமாறும் வழக்கம் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. தென்காசியில் உங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தால் முதல்நாளே போன் செய்து, "மதினி, நாளைக்கு உங்க வீட்ல உளுந்தஞ்சோறு" என்று உரிமையோடு கேட்டுவிடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள். திடுதிப்பென்று வாசலில் போய் நிற்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

மாலை ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் பார்சல் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பரோட்டாவும் சால்னாவும் பார்சலுக்கு ஏற்றவை அல்ல. பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தைத் தாண்டுவதற்குள் பரோட்டா ரப்பராகிவிடும், பெட்டி முழுக்க மசாலா வாடையும் அடிக்கும். இட்லியைச் சூடாக வாங்கி, மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் சாப்பிட்ட கடையிலேயே சாயங்காலமும் இட்லி இறக்குவார்கள். ஐந்து மணிக்கே போய்ச் சொல்லிவைத்தால் ரயிலுக்கு நேரம் பார்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். சட்னி வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துத் தேங்காய்ச் சட்னி அரைத்த உடனே சாப்பிட வேண்டியது, இரவுப் பயணத்தில் புளித்துவிடும்.